பழந்துப்பாக்கியின் மெருகும் மெய்யும்

பழைய பொருளொன்று நம் கையிற் கிடைத்தால் நாம் முதலிற் செய்வது யாது? துடைக்கிறோம். துடைத்தது போதாதென்று தேய்க்கிறோம். தேய்த்தது போதாதென்று புதுப்பூச்சுப் பூசுகிறோம். பூசி முடித்தபின் நான்கு பேரை அழைத்துக் காட்டி, "பார்த்தீர்களா, புத்தம் புதியது போல் இருக்கிறது!" என்று பெருமை கொள்ளுகிறோம். பழம்பொருளுக்குள்ள பெருமையே அது பழமையாயிருப்பதுதான் என்பதையும், அப்பெருமையை நம் கைகளாலேயே தேய்த்தழித்துவிட்டோம் என்பதையும் அவ்வேளையில் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இவ்வுண்மையை அமெரிக்க நாட்டில் பழந்துப்பாக்கிகளைத் தரம் பிரிப்போர் ஒரு விதியாகவே எழுதி வைத்திருக்கின்றனர். துப்பாக்கியைப் பற்றி இப்பக்கங்களில் எழுதுவானேன் என்று நேயர்கள் வியக்கலாம். உயிர் கொல்லும் கருவியைப் புகழ்வது நமது நோக்கமன்று. நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது கடுமையான சட்டத்திற்குட்பட்ட காரியம்; அதனைத் தேடும்படி எவரையும் நாம் தூண்டவுமில்லை. ஒரு பழம்பொருள் உண்மை பேசுகிறதா, பொய் பேசுகிறதா என்று ஆராயும் முறையைக் கற்பதற்கு இத்துறை நல்லதொரு பள்ளிக்கூடமாய் இருப்பதனாலேயே இதனை எடுத்துக்கொண்டோம்.

மரத்தடியில் நின்ற துப்பாக்கி

2014-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்திலுள்ள கிரேட் பேசின் தேசீயப் பூங்காவில், தொல்பொருள் ஆராய்ச்சியாளர் சிலர் மலைப்பாங்கான இடமொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தனர். ஆங்கே ஜூனிப்பர் மரமொன்றின்மீது சாய்ந்தபடி ரைபிள் துப்பாக்கியொன்று நின்றது. அதன் அடிக்கட்டை சில அங்குலம் மண்ணிற் புதைந்திருந்தது. வெயிலும் பனியும் மாறி மாறித் தாக்கியதால் கட்டை சாம்பல் நிறமெய்தி வெடித்திருந்தது. குழல் முழுவதும் பழுப்புத் துருவாயிருந்தது. மரத்தின் பட்டைக்கும் துப்பாக்கியின் கட்டைக்கும் நிறவேற்றுமை காண்பதே அரிதாயிருந்தமையால், பிறர் கண்ணிற் படாமல் அது நெடுங்காலம் அங்கேயே நின்றுவிட்டது.

அதன்மீது பொறித்திருந்த எழுத்துக்களிலிருந்து அது வின்செஸ்டர் கம்பெனியாரின் 1873-ஆம் ஆண்டு மாதிரி என்று தெரிந்தது. அதன் தொடர் எண்ணைக்கொண்டு, வயோமிங் மாநிலத்தில் கோடி என்னும் ஊரிலுள்ள பொருட்காட்சிசாலையில் பாதுகாக்கப்படும் பழைய ஆலைப் பதிவேடுகளைப் புரட்டினர். 1882-ஆம் ஆண்டிற் செய்யப்பட்டு, பண்டசாலையிலிருந்து வெளியே அனுப்பப்பட்டது என்ற அளவிற்கு விடை கிடைத்தது. அதை வாங்கியவர் யார், மரத்தடியிற் சாய்த்தவர் யார், சாய்த்தவர் ஏன் திரும்பி வரவில்லை என்ற வினாக்களுக்கு ஏட்டில் விடையில்லை.

துப்பாக்கியைக் கோடி நகரத்திற்கே கொண்டு சென்றனர். உள்ளே தோட்டா இருக்கிறதா என்று அறிவதற்காக அவ்வூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்தனர். நோயாளியின் பெயரென்று எழுதவேண்டிய இடத்தில் "ரைபிள்" என்றே பதிந்தனராம்! குழலிலே தோட்டா இல்லை. ஆனால் அடிக்கட்டையின் உட்குழிவில் ஒரே ஒரு தோட்டா ஒளிந்திருந்தது. அத்தோட்டா 1887-க்கும் 1911-க்கும் இடையிற் செய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. ஆகவே, துப்பாக்கி 1882-இற் பிறந்ததாயினும், 1887-க்கு முன் அம்மரத்தடிக்கு வந்திருக்க முடியாது என்பது பெறப்பட்டது. துருவும் வெடிப்புமாய்க் கிடந்த பொருளைச் சுரண்டாமல் பார்த்ததனாற் கிடைத்த அறிவு இது.

அடுத்து அப்பொருட்காட்சிசாலையார் செய்ததுதான் நாம் கவனிக்கத்தக்கது. அவர்கள் குழலைத் தேய்த்துப் புது நீலம் ஏற்றவில்லை. வெடித்த கட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதுக் கட்டை பொருத்தவுமில்லை. உதிரும் நிலையிலிருந்த மரத்தை மேலும் உதிராதபடி உறுதிப்படுத்தி, மரத்தடியில் இருந்த கோலத்திலேயே நிறுத்தி வைத்தனர்.

மெருகு என்பது யாது?

இது ஏன் என்று விளங்கவேண்டுமாயின், அத்துப்பாக்கி ஆலையை விட்டுப் புறப்பட்ட நாளில் எவ்வாறிருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். வின்செஸ்டர் கம்பெனி கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் இருந்தது. 1866-இல் அதனை நிறுவிய ஆலிவர் வின்செஸ்டர் என்பார் அதற்குமுன் சட்டை தைத்து விற்கும் தொழில் நடத்தியவர். 1873 மாதிரித் துப்பாக்கி, கீழேயுள்ள லீவரை ஒருமுறை தள்ளி இழுத்தால் வெறுங்கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைக் குழலில் ஏற்றிவிடும். 24 அங்குலக் குழலுள்ள ரைபிளின் கீழ்க்குழாயில் 15 தோட்டாக்கள் அடங்கும். தொடக்கத்தில் 50 டாலர் அளவில் விற்ற இது, 1882-இல் 25 டாலருக்கு இறங்கிற்று. அவ்வொரு வருஷத்தில் மாத்திரம் 25,000-க்கு மேற் செய்தனர். 1873 முதல் 1916 வரை 7,20,000-க்கு மேல் வெளிவந்தன. அரசர் வைத்திருந்த அரும்பொருளன்று. குடியானவனும் மாட்டிடையனும் வாங்கிய சந்தைச் சரக்கு.

அதன் இரும்புப் பகுதிகள் கருநீல நிறமுடையன. இந்நீலம் வர்ணம் பூசியதால் வந்ததன்று. குழல்களுக்கு வழங்கிய முறையொன்றைக் கூறுவோம். இரும்பை நன்கு மெருகிட்டு, அதன்மீது அமிலக் கரைசலைத் தடவி, ஈரக்காற்றுள்ள அறையில் வைப்பர். செந்துரு பூக்கும். அதனை வெந்நீரிலிட்டுக் கொதிக்க வைத்தால் செந்துரு கருந்துருவாய் மாறும். மேலே தளர்ந்து நிற்பதைக் கம்பித் தூரிகையால் நீக்கி, மீண்டும் கரைசல் தடவி, மீண்டும் கொதிக்க வைப்பர். இவ்வாறு பலமுறை செய்தபின் எண்ணெயிட்டால் ஆழ்ந்த கருநீலம் நிலைபெறும். இரும்பை அரிக்கும் செந்துருவும் இரும்பைக் காக்கும் கருநீலமும், இரும்பும் பிராணவாயுவும் கூடிப் பிறந்த உடன்பிறப்புக்களே என்பது இதனால் விளங்கும்.

குதிரை, லீவர் முதலிய சில உறுப்புக்களுக்கு வேறு முறை உண்டு. எலும்புக்கரி, தோற்கரி ஆகியவற்றுக்கிடையே அவற்றைப் புதைத்து, பழுக்கக் காய்ச்சி, சட்டென்று தண்ணீரில் இடுவர். கரிச்சத்து இரும்பின் மேற்புறத்தில் ஏறி அதைக் கெட்டியாக்கும். கூடவே நீலமும் பழுப்பும் சாம்பலும் மேகம்போற் கலந்த வண்ணங்கள் தோன்றும். கட்டைக்கு அமெரிக்கக் கருவால்நட் மரம். இவ்வளவும் சேர்ந்ததே ஆலை மெருகு.

இம்மெருகு தடிப்பானதன்று. கை பிடித்துத் தூக்கும் இடத்தில் வியர்வை பட்டு நீலம் வெளுக்கிறது. குதிரைச் சேணத்தின் குறுக்கே வைத்துச் சவாரி செய்தால், சேணத்தில் உராயும் இடத்தில் இரும்பு வெள்ளியாய் மின்னுகிறது. மரம் பள்ளமாய்த் தேய்கிறது. மற்றை இடங்களில் நீலம் மெல்ல மெல்லப் பழுப்பாய் மாறுகிறது. கருமருந்துப் புகையின் உப்பு ஈரத்தை இழுப்பதால் குழலின் உட்புறம் அரிபடுகிறது. ஆகவே தேய்மானம் என்பது வெறுங்கேடு மாத்திரமன்று. அது ஒருவகைக் கையெழுத்து. வைத்திருந்தவன் அதனை எங்கே பிடித்தான், எப்படிச் சுமந்தான் என்பதை அது எழுதிவைக்கிறது.

ஏழு படிகள்

அமெரிக்க நேஷனல் ரைபிள் சங்கம் 1871-இல் தோன்றியது. அச்சங்கத்தின் பெயரால் வழங்கும் தர அளவு பழந்துப்பாக்கிகளுக்கு ஏழு படிகளைக் கூறுகிறது. அவற்றைத் தமிழில் இவ்வாறு கூறலாம்.

முதற்படி, ஆலைப் புதுமை. எல்லா உறுப்பும் ஆதியில் இருந்தவை. மெருகு நூற்றுக்கு நூறு. உள்ளும் புறமும் குற்றமில்லை. இரண்டாம் படி, மிகச் சிறப்பு. உறுப்புக்கள் யாவும் ஆதியில் இருந்தவை; ஆலை மெருகு நூற்றுக்கு 80 பங்குக்கு மேல்; எழுத்தும் எண்ணும் கூர்மை; கட்டையிற் பழுதில்லை. மூன்றாம் படி, சிறப்பு. ஆலை மெருகு 30 பங்குக்கு மேல் இருந்தாற் போதும். கட்டையிற் சிறு வடுக்கள் இருக்கலாம்.

நான்காம் படி, மிக நன்று. இங்கேதான் நாம் நின்று கவனிக்கவேண்டும். இப்படிக்குரிய மெருகு எவ்வளவு? 30 பங்கு முதல் ஒன்றுமேயில்லாத நிலை வரை! நீலத்தில் ஓர் அணுவும் எஞ்சாத துப்பாக்கியும் "மிக நன்று" என்ற பெயர் பெறலாம். ஆனால் அதற்கு நிபந்தனையுண்டு. எல்லா உறுப்பும் ஆதியில் இருந்தவையாய் இருக்கவேண்டும், இரும்பின் மேற்புறம் வழவழப்பாயும் விளிம்புகள் கூர்மையாயும் இருக்கவேண்டும், எழுத்துக்கள் தெளிவாயிருக்கவேண்டும்.

ஐந்தாம் படி, நன்று. சில்லறை உறுப்புக்கள் மாற்றப்பட்டவை, இலேசாகத் துருவால் அரிபட்டவை, தேய்த்துச் சுத்தம் செய்தவை, புது நீலம் ஏற்றியவை, கட்டைக்குப் புது மெருகு இட்டவை ஆகியன இதிற் சேரும். ஆறாம் படி, சுமார். முக்கிய உறுப்புக்களும் மாற்றப்பட்டு, கடுமையாகத் தேய்க்கப்பட்டோ நீலம் ஏற்றப்பட்டோ விளிம்புகள் மழுங்கி, எழுத்துக்கள் பாதி அழிந்தவை இதில் அடங்கும். ஏழாம் படி, மட்டம். ஆழ்ந்த துருக்குழிகள், அழிந்த எழுத்து, உடைந்த கட்டை, இயங்காத பொறி.

நேயர்களே, இந்த ஏணியின் உட்பொருளை நோக்குங்கள். உழைத்து உழைத்து நீலம் முழுவதும் இழந்த துப்பாக்கி நான்காம் படியில் நிற்கிறது. அதனினும் பளபளப்பாய், கண்ணைப் பறிக்கும் புது நீலத்தோடு விளங்கும் துப்பாக்கியோ ஐந்தாம் படிக்கோ ஆறாம் படிக்கோ கீழே தள்ளப்படுகிறது. தேய்ந்த உண்மை மேலே. பூசிய அழகு கீழே. பளபளப்புக்கு விலை கொடுக்கும் சந்தையே, அப்பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கும்படி தன்னைத்தான் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கிறது!

பொய்ம்மெருகைக் காணும் வழி

ஆலை மெருகையும் பின்னாளில் ஏற்றிய மெருகையும் பிரித்தறிவது எங்ஙனம்? மந்திரமொன்றுமில்லை, பொறுமையும் பகல் வெளிச்சமும் போதும்.

முதலாவது, விளிம்புகள். புது நீலம் ஏற்றுமுன் பழைய துருவை அகற்ற இரும்பைத் தேய்க்கவேண்டும். தேய்த்தால் கூரிய விளிம்பு மழுங்கும். எட்டுப் பட்டைக் குழலாயின் பட்டைகள் கூடும் கோடுகள் உருண்டுவிடும். இரண்டாவது, எழுத்துக்கள். கம்பெனியின் பெயரும் எண்ணும் ஆழம் குறைந்து, ஓரங்கள் இழுபட்டாற்போல் தோன்றும். மூன்றாவது, திருகாணித் துளைகள். துணிச்சக்கரத்தில் வைத்து மெருகிட்டால் துளையின் வாய் சற்றே கிண்ணம்போற் குழியும். நான்காவது, துருக்குழிகள். ஆலையிலே குழி விழுந்த இரும்புக்கு நீலம் ஏற்றியிருக்கமாட்டார்களன்றோ? குழிக்குள்ளேயும் நீலம் காணப்பட்டால், துரு முந்தியது, நீலம் பிந்தியது என்பது தெளிவு. ஐந்தாவது, நிறமாறாட்டம். மேகவண்ணம் இருக்கவேண்டிய குதிரையும் லீவரும் குழலைப்போலவே நீலமாயிருந்தால் ஐயுறவேண்டும். ஆறாவது, மரமும் இரும்பும் கூடுமிடம். ஆலையில் மரம் இரும்பைவிட மயிரிழை மேலே நிற்குமாறு பொருத்துவர். மரம் கீழே தாழ்ந்திருந்தால் அதனை யாரோ உப்புத்தாளிட்டுத் தேய்த்திருக்கின்றனர்.

இவை யாவற்றினும் மேலானது ஒன்றுண்டு. உண்மையான தேய்மானத்திற்கு ஓர் ஒழுங்குண்டு. கை படும் மேடுகள் முதலில் வெளுக்கும். கை படாத மூலைகளில் நீலம் பதுங்கியிருக்கும். குழலும் கீழ்க்குழாயும் ஒட்டிக்கிடக்கும் இடுக்கிலே பார்த்தால், மேலெல்லாம் பழுப்பாய்ப் போன துப்பாக்கியிலும் ஆதி நீலம் புதிதாய்ச் சிரிக்கும். மேடுகளில் நீலமும் இடுக்கில் துருவும் இருந்தால் அங்கே ஒழுங்கு தலைகீழாயிருக்கிறது. மனிதன் கைவைத்திருக்கிறான் என்று முடிவு செய்யலாம். பழுப்பை வேண்டுமென்றே அமிலத்தால் வருவித்துப் பழமை காட்டுவோரும் உண்டு. அவர்களும் இவ்வொழுங்கிலேதான் அகப்பட்டுக்கொள்ளுகின்றனர். ஏனெனில் அமிலம் எல்லாவிடத்தும் ஒன்றுபோற் பாயும். காலம் அப்படிப் பாயாது.

பழுதுபார்ப்பதெல்லாம் குற்றம் என்று நாம் கூறவில்லை. பழுதுபார்த்ததைப் பழுதுபார்த்ததாகச் சொல்லி வைப்பவன் நேர்மையுள்ளவன். மறைப்பதே குற்றம்.

படியில் அடங்காத சரித்திரம்

எனினும், ஏழு படி ஏணியை வேதவாக்காகக் கொள்ளுவதற்கும் இல்லை. அது வாங்குவோரும் விற்போரும் வழங்கும் அளவுகோல். "ஆலையை விட்டு வந்த நாளிலிருந்து இப்பொருள் எவ்வளவு மாறியிருக்கிறது?" என்பதே அது கேட்கும் வினா. சரித்திரம் கேட்பதோ வேறு வினா: "இப்பொருளுக்கு என்ன நேர்ந்தது?"

அமெரிக்கச் சமவெளிகளின் ஆதிக்குடிகள் கையாண்ட துப்பாக்கிகள் சில பொருட்காட்சிசாலைகளில் உள. அவற்றின் கட்டைகளிற் பித்தளை ஆணிகளை அழகுற வரிசையாய்ப் பதித்திருப்பர். கட்டையின் கழுத்து ஒடிந்தால், பதனிடாத பச்சைத் தோலை ஈரத்தோடு சுற்றி இறுக்கித் தைப்பர். தோல் காய்ந்ததும் இரும்புப்பட்டைபோற் பிடித்துக்கொள்ளும். ஏணிக்காரர் கண்ணுக்கு இது உடைந்து பழுதுபார்த்த கட்டை. அந்தப் பச்சைத்தோலைப் பிய்த்தெறிந்து புதுக் கட்டை பொருத்தினால் துப்பாக்கி அழகாகலாம். ஆனால் ஆலையும் பட்டறையும் இல்லாத இடத்தில் ஒரு மனிதன் தன் அறிவால் செய்த காரியத்தின் சாட்சி அழிந்துபோம்.

இச்சாட்சி அற்பமானதன்று. "மேற்றிசையை வென்ற துப்பாக்கி" என்ற விளம்பரப் பெயர் வின்செஸ்டருக்கு உண்டு. வென்றது யார்? யாரை? அந்நிலத்தில் வழிவழி வாழ்ந்த மக்கள் அங்கே தோற்கடிக்கப்பட்டனர் என்பதை அப்பளபளக்கும் சொற்றொடர் மறைத்துவிடுகிறது. அதுவும் ஒரு பொய்ம்மெருகே. 1876-ஆம் ஆண்டு ஜூன் 25-ஆம் தேதி மொண்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் லக்கோட்டா, செயென் மக்களோடு பொருத அமெரிக்கக் குதிரைப்படையினரிடம், ஒருமுறைக்கு ஒரு தோட்டா மாத்திரம் இடக்கூடிய ஸ்பிரிங்பீல்டுத் துப்பாக்கிகள் இருந்தன. 1983-இற் புல்வெளித் தீ அப்போர்க்களத்தை வெளியாக்கிற்று. அடுத்த இரண்டு வருஷங்களிலும் அங்கே அகழ்ந்த ஆராய்ச்சியாளர் தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி, அவற்றின்மீது துப்பாக்கியின் சுடும் ஊசி பதித்த தழும்புகளைக் கைரேகைபோல் ஒப்பிட்டனர். ஆதிக்குடிகளிடம் ஹென்றி, வின்செஸ்டர் முதலிய தொடர்வேட்டுத் துப்பாக்கிகள் பல இருந்தமை அதனாற் புலனாயிற்று. களிம்பேறிய தோட்டாக் கூடுகள், விளம்பரம் சொல்லாத கதையைச் சொல்லின. அவற்றை யாராவது பொறுக்கித் தேய்த்து மேசைமேல் அடுக்கியிருந்தால் அக்கதை என்னவாகியிருக்கும்?

கைத்துப்பாக்கியிலும் இதற்கோர் உதாரணம் உண்டு. 1881-இல் பில்லி தி கிட் என்னும் பேர்பெற்ற சட்டவிரோதியைப் பாட் காரெட் என்ற ஷெரீப் சுட்டுக் கொன்ற கோல்ட் கைத்துப்பாக்கி, 2021-இல் 60 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. அவ்விலை நீலத்திற்குக் கொடுத்த விலையா? அன்று, அதனோடு தொடர்ந்து வந்த ஆதாரத்திற்குக் கொடுத்த விலை. கதைக்கு இவ்வளவு விலையுண்டு என்றால் பொய்க்கதை கட்டுவோரும் பெருகுவர் அன்றோ? ஆகவே வாய்மொழி போதாது, ஏடு வேண்டும்.

கணக்கரின் ஏடும் நாம் செய்த பிழையும்

அவ்வேடுகளை எழுதினவர் யார்? கோடி நகரத்திலுள்ள வின்செஸ்டர் பதிவேடுகள் ஆலைப் பண்டசாலைக் கணக்கர் கையால் எழுதியவை. இன்ன எண், குழல் உருளையா எட்டுப் பட்டையா, எந்நாளிற் பண்டசாலைக்கு வந்தது, எந்நாளில் வெளியே சென்றது என்று வரிவரியாய் எழுதி வைத்தனர். எட்டுப் பட்டை என்று ஏடு கூறுகையில் கையிலுள்ள துப்பாக்கி உருளைக் குழலாயிருந்தால், குழல் பின்னர் மாற்றப்பட்டது என்று தெரிந்துபோம். எவ்வளவு தந்திரமாக நீலம் ஏற்றினாலும் அவ்வரியை ஏமாற்ற முடியாது. வேட்டையாடியவரும் சுட்டவரும் வீரர் என்று பேர் பெற்றனர். உண்மையைக் காத்து நிற்பது கணக்கர் எழுதிய ஒரு வரி.

தோட்ட ஆபீசிலே கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் இதனைப் படித்தபோது பெருமை கொண்டோம் என்று நேயர்கள் நினைக்கலாம். உண்மையைச் சொன்னால், வெட்கமே கொண்டோம். சில வருஷங்களுக்கு முன் நாம் வேலை பார்த்த தோட்டமொன்றில் பழைய அலமாரியைக் காலி செய்யும்படி உத்தரவாயிற்று. உள்ளே பழைய வேலையாட்களின் பேரேடு ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் கறையான் அரித்து, மை படர்ந்து, பக்கங்கள் பழுப்பேறியிருந்தன. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் கைநாட்டு. நாம் என்ன செய்தோம்? எஞ்சிய பெயர்களையெல்லாம் புதிய புத்தகமொன்றில் அழகிய கையெழுத்திற் படியெடுத்தோம். பழையதைக் குப்பையோடு எரிக்கவிட்டோம். நல்ல காரியம் செய்ததாகவே எண்ணினோம்.

ஒரு வருஷம் சென்றபின் முதிய அம்மையொருவர் ஆபீசுக்கு வந்தார். பேரப்பிள்ளைக்குக் குடியுரிமைப் பத்திரம் பெறவேண்டும். அதற்குத் தம் தகப்பனார் இத்தோட்டத்தில் வேலை செய்ததற்கு அத்தாட்சி கேட்கிறார்கள் என்றார். நாம் உடனே புதுப் புத்தகத்தைத் திறந்து பெயரைக் காட்டி, நகலும் எழுதிக் கொடுத்தோம். மறுவாரம் அவர் திரும்பி வந்தார். இது புது மையில் எழுதியது, பழைய ஏடு எங்கே என்று கேட்டனுப்பிவிட்டனராம்.

"கிராணி ஐயா, எங்கப்பா கைநாட்டு வச்ச தாளு எங்கேங்க?" என்று அவர் கேட்டார்.

"இல்லை பாட்டி, எரிச்சிட்டோம்" என்று சொல்லுவதற்குள் நம் நாக்கு வறண்டுபோயிற்று.

அவர் நம்மைக் கோபிக்கவில்லை. "அவருக்கு எழுதத் தெரியாதுங்க ஐயா. அந்த ரேகை ஒண்ணுதான் அவரு போட்டது" என்று மாத்திரம் சொல்லிவிட்டுப் போனார்.

நாம் எழுதிய பெயரிற் பிழையில்லை. எழுத்தும் முத்துப்போல் இருந்தது. ஆயினும் அது புது நீலம் ஏற்றிய துப்பாக்கி. கறையான் அரித்த பழைய பக்கமோ, மெருகெல்லாம் போயும் மெய்யை இழக்காதது. எதை வைத்துக்கொண்டு எதை எரிக்கவேண்டும் என்று அறியாமற்போனோம்.

முடிவுரை

ஆகவே, அன்பர்களே! பழமை என்றவுடன் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பும் வழக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. பழமையைப் பளபளப்பாக்கிக் காட்டுவோரின் பேச்சையும் அப்படியே ஏற்பதற்கில்லை. பழையது என்பதால் தொழவும் வேண்டா. மின்னுகிறது என்பதால் நம்பவும் வேண்டா. விளிம்பைப் பார்ப்போம், எழுத்தின் ஆழத்தைப் பார்ப்போம், இடுக்கிற் பதுங்கியிருக்கும் ஆதி நிறத்தைத் தேடுவோம், ஏட்டோடு ஒப்பிடுவோம். துப்பாக்கிக்குப் பொருந்தும் இம்முறை ஒரு ஜாதியின் பெருமைக்கும், ஒரு தலைவனின் வரலாற்றுக்கும், ஒரு தேசத்தின் வெற்றிக்கதைக்கும் பொருந்தாமற் போகுமோ?

வீட்டுப் பெட்டியிலோ ஆபீஸ் அலமாரியிலோ பழைய பொருளொன்று அகப்பட்டால், தேய்க்குமுன் சற்று நில்லுங்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அது யாருடையது, யார் கையிலிருந்து உங்களுக்கு வந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி, தேதியிட்டு, அதனோடு சேர்த்து வையுங்கள். பழுதுபார்க்க நேர்ந்தால் இன்னதைச் செய்தோம் என்பதையும் எழுதுங்கள். படியெடுத்தால் மூலத்தை எரிக்காதீர்கள்.

நெவாடாவின் அந்தத் துப்பாக்கி, வெடித்த சாம்பல்நிறக் கட்டையோடும் பழுப்புத் துருவோடும் பின்னர் அப்பூங்காவிலேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஏழு படிகளில் அதற்குரிய இடம் கடைசிப் படிதான். ஆயினும் 1882-இற் பண்டசாலையை விட்டுச் சென்று, ஒரு மனிதன் கையிலிருந்து நழுவி, மரத்தோடு மரமாய் நின்ற கதை முழுவதும் அவ்வெடிப்பிலும் துருவிலும்தான் இருக்கிறது. அதைத் தேய்க்காமல் விட்டவர்களுக்கு நாம் நன்றி செலுத்துவோம். நம் கையிலிருக்கும் பழைய தாள்களை அவர்கள் செய்தபடியே காப்போம்.